செயற்கைக்கோளுக்கு இடைவேளை விட்டவர்

செயற்கைக்கோளுக்கு இடைவேளை விட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு மூன்று வருடம் ஒரே நிலவறையில் குப்பை கொட்டியவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். மறுப்புத் தெரிவிக்க விரும்பும் விஞ்ஞானிகள் தாராளமாக இந்தப் பத்திரிகைக்கு எழுதலாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர்கள் அதைப் பாதி வரை உச்சரித்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கி, புன்னகையோடு கைவிடுவார்கள். ஆஹென் நகரத்துத் தமிழர்களுக்கோ அவர் வெறும் 'ஒப்பரேட்டர் அண்ணை'. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் இருபது வருடத்துக்கு மேல் புரொஜெக்டர் ஓட்டியவர். சண்டையில் தியேட்டர் மூடிய பிறகு, 'ஆறு மாதத்தில் உன்னைக் கூப்பிடுகிறேன்' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஜெர்மனிக்கு வந்தார். நான் அவரைச் சந்தித்தபோது அந்த ஆறு மாதத்துக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது.

நான் கோவில்பட்டிக்காரி. 2003ல் சாப்ட்வேர் எழுதும் வேலைக்காக ஆஹென் போனேன். என்னை எடுத்த ஆராய்ச்சிக் கூடம் படித்துக்கொண்டிருந்தது அயனி மண்டலத்தை. பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்து, இரண்டு மார்க் வாங்கி, மறந்திருப்பீர்கள். தரைக்கு மேலே வெகு உயரத்தில், வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்று ஓர் அடுக்காக நிற்கிறது. தரையிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி அதை ஆராய்ந்தால் அடிவயிறு மட்டும்தான் தெரியும், முதுகு தெரியாது. அந்த முதுகைப் பார்க்கவென்றே 1962ல் கனடாக்காரர்கள் ஒரு சின்னச் செயற்கைக்கோளை மேலே அனுப்பினார்கள். அதன் பிரெஞ்சுப் பெயருக்கு வானம்பாடி என்று அர்த்தம். அது மேலிருந்து கீழே அலையை அனுப்பி, எதிரொலியை வாங்கி, பத்து வருடம் சளைக்காமல் தரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னதையெல்லாம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் பதிந்து வைத்தார்கள். ஒவ்வொரு பிரேமிலும் ஒரு கறுப்புக் கோடு வளைந்து இறங்கும். ஓரத்தில் நேரம் இருக்கும். அவ்வளவுதான் படம்.

இதையே ஒப்பரேட்டர் அண்ணை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

"முந்தி இருந்த விஞ்ஞானியள் எல்லாம் கலரியிலை, தரை டிக்கெட்டிலை இருந்து அண்ணாந்து பார்த்தவை, பிள்ளை. இவன்தான் முதல் முதல் பல்கனி டிக்கெட் எடுத்தவன்."

அந்தப் பிலிம் சுருள்கள் எப்படியோ எங்கள் கட்டடத்தின் நிலவறைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டன. அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். ஸ்கேன் செய்வது மெஷின், கோட்டைப் படிப்பது நான் எழுதும் புரோகிராம். ஆனால் பிலிமைத் தொட்டாலே அப்பளமாய் நொறுங்கியது. இரண்டு டாக்டரேட் மாணவர்கள் ஓர் அறுந்த பிலிமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், தரை துடைக்க வந்த அண்ணை கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிலிமைப் பிடுங்கி, பிளேடால் ஒரு சீவு, டேப்பால் ஒரு ஒட்டு, நகத்தால் ஒரு தேய்ப்பு. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுவாரம் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார் எங்கள் புரொபசர்.

காகிதப்படி நான் அவருக்கு மேலதிகாரி. இந்தச் செய்தியை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. புரொபசரை அவர் 'முதலாளி' என்பார், அதாவது தியேட்டர் முதலாளி. என்னை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் போலத்தான் நடத்தினார்.

முதல் வாரமே மேசை விளிம்பில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்திவிட்டார். முதல் மணி அடித்தால் எல்லோரும் வாயை மூட வேண்டும். இரண்டாம் மணிக்கு விளக்கு அணையும். மூன்றாம் மணிக்குத்தான் ஸ்கேனர் ஓடும், பிரேம்கள் எதிர்ச் சுவர்த் திரையில் வரிசையாக வரும். சரியாகச் சுருளின் பாதியில் மெஷினை நிறுத்தி, விளக்கைப் போட்டு, "இடைவேளை, பத்து நிமிசம்!" என்று அறிவிப்பார். தூக்குச்சட்டியிலிருந்து கடலை வடை வெளியே வரும். இதனால் அயனி மண்டல ஆராய்ச்சி எவ்வளவு பின்தங்கியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த ஜெர்மன் மாணவர்கள் மட்டும் பதினொரு மணியானால், "கீழே இடைவேளை விட்டாச்சா?" என்று போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு சாயங்காலமும் விமர்சனமும் உண்டு.

"இண்டைக்கு முதல் பாதி சரியான இழுவை, பிள்ளை. ஆனால் கடைசி ஆயிரம் அடி பரவாயில்லை. கோடு நல்லா நடிச்சிருக்கு."

கோடு கலங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது 'மழைப்படம்'. அந்த மழைப்படங்களுக்காகத்தான் புரொபசர் உயிரையே விட்டுக்கொண்டிருந்தார் என்பதை அண்ணைக்கு விளக்க நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் வீண்.

அண்ணை வந்து சேர்ந்த எட்டாம் மாதத்தில் என் தலையில் இடி விழுந்தது. என் புரோகிராம் கணக்குப்படி வானம்பாடி திடீரென்று வேகம் பிடித்திருந்தது. ஓரத்தில் இருக்கும் நேரம் மெஷினால் படிக்க முடியாத அளவு மங்கலாக இருந்ததால், பிரேமுக்குப் பிரேம் இத்தனை விநாடி என்று எண்ணித்தான் அது எந்த ஊருக்கு மேலே இருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். அந்தக் கணக்கில் பார்த்தால் சில நாட்களில் அது இந்தியப் பெருங்கடலைப் பாதி நேரத்தில் தாண்டிப் போயிருந்தது, யாரோ துரத்துவதைப் போல. இரண்டு வாரம் சோறு தண்ணி இல்லாமல் என் புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் அழாத குறையாக புரொபசரிடம் போய் நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "அந்தச் செயற்கைக்கோளை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அது ஒருநாளும் அவசரப்பட்டதில்லை."

நான் நிலவறைக்கு இறங்கி வந்தேன். அன்றைக்குத்தான் அண்ணையின் மேசைக்கு அடியில் அந்த நீல பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். திறந்தால், உள்ளே துண்டு துண்டாய்ச் சுருட்டி வைத்த பிலிம்.

"அண்ணா, என்ன இது?"

"வெட்டு, பிள்ளை."

"என்ன வெட்டு?"

"ஒண்டுமில்லாத படங்கள். கோடும் இல்லை, மழையும் இல்லை, சும்மா வெள்ளையா ஓடுது. ஆர் உதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?"

"அண்ணா! இது சினிமா இல்ல, டேட்டா! பிரேம்ல ஒண்ணும் இல்லாட்டாலும் டைம் ஓடிட்டுதான இருக்கு? நீங்க பாட்டுக்கு வெட்டிட்டா அந்த டைம் எங்க போகும்?"

அவர் நிதானமாக என்னை உட்காரவைத்து விளக்கினார். ஊரில் ஊரடங்குச் சட்டம் போட்ட காலத்தில் கடைசிக் காட்சியை நேரத்தோடு முடித்தாக வேண்டும், சனம் வீடு போய்ச் சேர வேண்டும். மூன்று மணி நேரப் படத்தை இரண்டரைக்குள் இறக்குவது ஒப்பரேட்டரின் பொறுப்பு. "பாட்டை வெட்டுவன், அழுகையை வெட்டுவன். பகிடியிலை, சனம் சிரிக்கிற இடத்திலை மட்டும் கை வைக்கமாட்டன்."

"இங்க எந்த ஊரடங்குச் சட்டம் அண்ணா?"

"உங்களுக்கு ஆறு மணிக்கு பஸ் எல்லோ? ஒவ்வொருநாளும் அந்த மேட்டிலை ஓடித்தானே பிடிக்கிறியள். ரீல் கெதியா முடிஞ்சால் நடந்து போகலாம் எண்டு பார்த்தன்."

நான் பஸ் பிடிப்பதற்காக ஒரு செயற்கைக்கோளின் ஆயுளில் கைவைத்திருக்கிறார் மனிதர்.

நல்லவேளையாக அவர் ஒழுங்கான ஒப்பரேட்டர். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருள், எத்தனையாவது அடி என்று எழுதி வைத்திருந்தார். ஊரில் வெட்டிய பாட்டையெல்லாம் ஒட்டி முழுசாகத் திருப்பி அனுப்பாவிட்டால் கொழும்பு விநியோகஸ்தர் தோலை உரித்துவிடுவாராம். ஆகவே நாலு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினோம். ஒட்ட ஒட்ட வானம்பாடியின் வேகம் தணிந்து பழைய நிதானத்துக்கு வந்தது. எல்லாம் வந்துவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. சிங்கப்பூர்த் தரைநிலையத்தில் பதிவான ஒரு சுருளில் ஏழு பிரேம் இல்லை. அவை வெள்ளைப் பிரேம்களும் இல்லை. முன்னும் பின்னும் அருமையாக வளைந்து வரும் கோட்டின் நட்டநடு ஏழு.

"அண்ணா, இந்த ஏழு எங்க?"

அவர் பிளேடைத் துடைத்தார். டேப்பைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லாமல் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மனுசியிட்டை."

அறுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஒப்பரேட்டர் வேலையில் சேர்ந்த புதிது. சாயங்காலக் காட்சியில் ரீல் அறுந்தது. கொட்டகையே கூக்குரல் போட்டது. பதிலுக்குக் கத்த அவர் புரொஜெக்டர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் கூச்சல் போடாமல் இவர் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு இரண்டு வீட்டாரையும் சம்மதிக்கவைக்க ஆறு வருடம் ஆயிற்று. அந்தப் பெண்தான் அவர் 'மனுசி' என்று சொன்ன தவமணி அக்கா, அவர் மனைவி.

ரீல் அறுந்தால் நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும் என்பது தியேட்டர் விதி. ஆறு நாற்பது. அந்தத் தேதியையும் நேரத்தையும் அண்ணை மறந்ததே இல்லை. எங்கள் சுருள்களில் அதே தேதியைப் பார்த்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். பிலிமில் இருப்பது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஆறு நாற்பத்திரண்டுக்கு வானம்பாடி யாழ்ப்பாணத்துக்கு மேலே போயிருக்கிறது. நானும் சரிபார்த்தேன். ஏழில் நாலாவது பிரேம், ஊருக்கு நேர் மேலே.

"தியேட்டருக்கு இப்ப கூரை இல்லையாம், பிள்ளை. போய் வந்த ஆக்கள் சொன்னவை. கதிரையளும் இல்லையாம். ஆனால் இது அந்தக் கூரைக்கும் மேலை இருந்தது எல்லோ? இதை ஒருத்தராலும் ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. அதுதான் அவவுக்கு அனுப்பினனான்."

சண்டை நிறுத்தக் காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்திருந்தது. ஊருக்குப் போன யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்துக்குள் செருகி, ஏழு பிரேமும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருந்தன.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் நிலைமை எனக்குத் தெரியும். பல வருட இழுபறிக்குப் பிறகு அப்போதுதான் அவருக்கு ஒழுங்கான வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. மனைவியைக் கூப்பிட 'அன்ட்ராக்' போடலாம், அதாவது மனு. ஆனால் மனுவோடு நீண்டகால வேலை ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டும். அவருடைய ஒரு வருட ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. பிலிமை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆளுக்கு எந்த புரொபசர் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்?

ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஓர் அலுவலகப் பதிவேட்டில் கூசாமல் புளுகினேன். 'ஏழு பிரேம்கள்: வெளிக் கூட்டாளியிடம் பார்வைக்குச் சென்றுள்ளன. இடம்: தென்னாசியா.'

ஜெர்மனியில் பதிவேடு என்று ஒன்று இருந்தால் அதை யாராவது படிப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன். நாலாம் நாள் புரொபசர் நிலவறைக்கே இறங்கி வந்துவிட்டார்.

"யார் இந்த வெளிக் கூட்டாளி?"

நான் தொண்டையைச் செருமினேன். இன்னும் நல்ல புளுகு ஒன்று தயாராவதற்குள் அண்ணை தன்னுடைய ஜெர்மனில் முந்திக்கொண்டார். "என் மனைவி, முதலாளி." பிறகு ரீல் அறுந்ததிலிருந்து கூரை போனது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

புரொபசர் காதுமடல் சிவந்தது. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அருகே போகிறது, கோடு எப்படி வளைகிறது என்று பார்க்க உலகத்திலேயே முக்கியமான இடம் அது, வேறு பிரதியும் கிடையாது என்று அடக்கிய குரலில் ஒரு சின்ன வகுப்பே எடுத்தார். பிறகு, "உடனே போன் செய்யுங்கள். தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் அறையிலேயே ஸ்பீக்கரில் போட்டோம். யாழ்ப்பாணத்தில் தவமணி அக்கா எடுத்தார். அண்ணை போனை என் பக்கம் தள்ளினார், நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு தெளிவான ஒரு குரல்.

"ஏழும் பத்திரமா இருக்கு, தங்கச்சி. ஆனால் தபாலிலை விட ஏலாது. பன்னிரண்டு வருசமா இந்த மனுசன் எனக்கு உடுப்பும் சொக்கிலேற்றும்தான் அனுப்பினவர். உருப்படியா அனுப்பினது உது ஒண்டுதான். துலைஞ்சால் ஆர் பொறுப்பு? உங்கடை பெரியவருக்கு அது வேணுமெண்டால் நான் கையோடை கொண்டுவாறன். அதுக்கு உங்கை என்ன செய்யவேணுமோ, அதை அவரைச் செய்யச் சொல்லுங்கோ."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் அதுதான் உச்சம்.

புரொபசர் போனை அணைத்தார். "என்ன செய்ய வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

"குறைந்தது இரண்டு வருட ஒப்பந்தம்."

"ஏழு பிரேமுக்கு இரண்டு வருடமா?"

"நடுக்கோட்டுக்குப் பக்கத்து ஏழு பிரேம், சார்."

அவர் பேனாவை எடுத்தார். ஒப்பந்த நீட்டிப்புப் படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'அறிவியல் தேவை' என்று எழுதினார். அவர் அன்றைக்குச் சிரித்தாரா இல்லையா என்று எனக்கும் அண்ணைக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அதற்குப் பிறகு காத்திருப்பு. காகிதம் போகும், வேறு காகிதம் கேட்கும். ஒரு 'டெர்மின்' கிடைக்க, அதாவது அதிகாரியைப் பார்க்க நாள் கிடைக்க, இரண்டு மாதம். வீடு போதிய அளவு பெரிதா என்று அளந்தார்கள். அண்ணை இரண்டு தட்டு, இரண்டு தலையணை, இரண்டு குடை வாங்கி வைத்தார். கொழும்புத் தூதரகத்தில் அக்காவின் நேர்காணல் தள்ளிப்போன அன்று கடலை வடை வரவில்லை. இடைவேளை மட்டும் வந்தது, பத்து நிமிடமும் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து வரும் செய்தி மாதத்துக்கு மாதம் கெட்டுக்கொண்டே வந்தது. பாதையை மறுபடி பூட்டிவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

அந்த நாட்களில் ஒரு சுருள் முழுக்க வெள்ளையாகவே ஓடியது. கோடே இல்லை. எனக்கே கொட்டாவி வந்தது. "வேணும்னா கொஞ்சம் வேகமா ஓட்டுங்க அண்ணா" என்றேன்.

"ஏலாது, பிள்ளை. நீங்கள்தானே சொன்னியள். இதிலையும் நேரம் ஓடிக்கொண்டுதானே இருக்கு. இதையும் இருந்து பார்க்கத்தான் வேணும்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அன்றைக்கு ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

2006 மே மாதம் தவமணி அக்கா வந்து இறங்கினார். அடுத்த திங்கட்கிழமையே நிலவறைக்கு வந்தார். குட்டையான உருவம், மே மாதத்துக்கே இரண்டு ஸ்வெட்டர். புரொபசர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பவுடர் டின்னை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, அதற்குள்ளிருந்து பிலிமை எடுத்தார். புரொபசர் நீட்டிய கையில் கொடுக்கவில்லை.

"முதல்லை எனக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ."

மூன்று மணியும் அடித்து, விளக்கணைத்து, ஏழு பிரேமையும் அண்ணை திரையில் காட்டினார். நாலாவதில் நிறுத்தினார்.

"இதுக்குக் கீழைதான் நாங்கள்."

அக்கா எழுந்து போய்த் திரைக்கு ஓர் அடி தூரத்தில் நின்று பார்த்தார். "எங்கை? வெறும் கோடு எல்லோ கிடக்கு?"

"ஓம். அந்தக் கோட்டுக்குக் கீழை. நீர் சிரிச்சுக்கொண்டிருக்கிறீர்."

பிறகு அண்ணை ஒட்ட உட்கார்ந்தார். அறுந்த பிலிமை அரை நிமிடத்தில் ஒட்டுகிற கைக்கு அன்றைக்கு அந்த வேகம் வரவில்லை. பிளேடு நேராக இறங்கவில்லை. அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ஒட்டினார்கள். புரொபசர் ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் 'திருப்பித் தரப்பட்டது' என்ற கட்டத்தில் வெளிக் கூட்டாளி தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆகஸ்டில் பாதை பூட்டப்பட்டது. அக்கா அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக வடை கொடுத்தனுப்பியிருந்தார்.

சுருள்கள் தீர்ந்தன, என் வேலையும் முடிந்தது. நவம்பரில் ஊருக்குக் கிளம்பினேன். கடைசி நாள் நான் ஏதோ உருக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை விடவில்லை. மணியை ஒரு தட்டுத் தட்டி, "இடைவேளை, பிள்ளை. பத்து நிமிசம். போயிட்டு வாங்கோ" என்றார். நான் மேட்டில் ஓடி ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த அலுவலகங்களில் எல்லாம் கண்ணாடிச் சுவரும் நல்ல காபியும் இருந்தன. ஒன்றிலாவது யாராவது எனக்காக ஒரு நிமிடத்தை வெட்டி டின்னில் போட்டு வைத்ததில்லை. அந்த வானம்பாடி இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் சுற்றுகிறது. ஊருக்கு மேலேயும் போகிறது, ஆஹெனுக்கு மேலேயும் போகிறது, கோவில்பட்டிக்கு மேலேயும்தான் போகிறது. சில சாயங்காலங்களில் மொட்டைமாடியில் நின்று, தெரியாது என்று தெரிந்துகொண்டே அண்ணாந்து பார்க்கிறேன்.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, அண்ணா. மணி அடியுங்கள், ஓடி வந்துவிடுகிறேன்.